கருப்பை வாய்ப் புற்றுநோய்க் கதிர் சிகிச்சையில் சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் போகும் கதிர் எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது கொடுக்கப்படும் தாளில் "சிறுநீர்ப்பை 86 கிரே, மலக்குடல் 66 கிரே" என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, நோய்க்குத்தான் கதிர் கொடுத்தார்கள் என்று நினைத்திருந்தோமே, இது என்ன கணக்கு என்று கலங்குகிற குடும்பங்கள் உண்டு. அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்துகொள்வதற்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. கிரே என்பது உடல் ஏற்கும் கதிரை அளக்கும் அலகு. இதிலுள்ளவை பொதுவான விளக்கங்கள். ஒருவருடைய சிகிச்சையைப் பற்றிய முடிவை அவருடைய கதிர் சிகிச்சை மருத்துவரே சொல்ல முடியும்.

நோய் கருப்பை வாயில்தானே இருக்கிறது? மற்ற உறுப்புகளுக்கு ஏன் கதிர் போக வேண்டும்?

கருப்பை வாய்க்கு முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், மேலே பெருங்குடலின் வளைந்த கடைசிப் பகுதியான சிக்மாய்டு, அதற்கும் மேலே சிறுகுடலின் மடிப்புகள் என்று இடுப்புக்குள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. சில இடங்களில் கட்டிக்கும் சிறுநீர்ப்பைச் சுவருக்கும் இடையே உள்ள தூரம் சில மில்லிமீட்டர்தான். வெளியிலிருந்து கொடுக்கப்படும் கதிர், கருப்பை வாயோடு இடுப்பிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் சேர்த்துக் கவனிக்க வேண்டியிருப்பதால், நடுவில் உள்ள உறுப்புகளை முழுவதுமாகத் தவிர்த்துச் செல்ல இயலாது.

உள்ளிருந்து கொடுக்கப்படும் கதிரின் இயல்பு வேறு. அதில் கதிரை வெளியிடும் பொருள் (இதைத்தான் "மூலம்" என்கிறார்கள்) கருப்பையின் உள்ளேயே நிற்கிறது. தூரம் இரு மடங்கானால் கதிரின் அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கட்டிக்கு மிக அதிகமான கதிரைக் கொடுத்துவிட்டு அக்கம்பக்கத்தைக் காப்பாற்ற முடிவது இந்த விதியால்தான். அதே காரணத்தால், குடலின் ஒரு மடிப்பு ஒரு சென்டிமீட்டர் நெருங்கி வந்து படுத்துக்கொண்டாலும் அதற்குப் போகும் அளவு வெகுவாக ஏறிவிடும்.

"கரண்ட் வைப்பது" என்கிறார்களே, அதுவும் உள்கதிரும் ஒன்றா?

தமிழ்நாட்டில் வெளிக்கதிரையே பெரும்பாலும் "கரண்ட் வைப்பது" என்கிறார்கள். அதில் மின்சாரம் உடலில் பாய்வதில்லை. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம், மொத்தம் 25 முறை இது நடக்கும். உள்கதிர் என்பது பிராக்கிதெரபி. வெளிக்கதிரின் கடைசிக் கட்டத்திலோ அது முடிந்ததுமோ, இரண்டு முதல் நான்கு முறை கொடுக்கப்படும். இரண்டும் சேர்ந்ததே முழுச் சிகிச்சை.

தாளில் "டி2சிசி" என்று இருக்கிறது. அது என்ன?

ஓர் உறுப்பில் மிக அதிகமாகக் கதிர் பட்ட 2 கன சென்டிமீட்டர் பகுதி குறைந்தது எவ்வளவு கதிரைப் பெற்றது என்பதைக் குறிக்கும் எண் அது. 2 கன சென்டிமீட்டர் என்பது ஊசிக்குழலில் இரண்டு மில்லி மருந்தை ஏற்றினால் இருக்கும் அளவு. அரை சென்டிமீட்டர் தடிமனில் பரப்பினால் ஒரு சிறிய தபால் தலை அளவுக்கு வரும்.

ஆகவே "சிறுநீர்ப்பை 86 கிரே" என்றால் சிறுநீர்ப்பை முழுவதும் 86 கிரே பெற்றது என்று பொருள் கொள்ளக் கூடாது. கருப்பை வாயை ஒட்டியிருக்கும் சுவரில் ஒரு தபால் தலை அளவுள்ள இடம் அந்த அளவை எட்டியது. மற்ற பகுதி அதைவிடக் குறைவாகவே பெற்றது. இந்தச் சிறு பகுதியைத் தேர்ந்தெடுத்து அளப்பதற்குக் காரணம் இருக்கிறது. பின்னாளில் இரத்தக் கசிவு, புண், துளை போன்றவை தோன்றினால், மிகுதியாகக் கதிர் பட்ட இந்தச் சுவரில்தான் பெரும்பாலும் தோன்றுகின்றன.

வெளிக்கதிர் 45. உள்கதிரில் சிறுநீர்ப்பைக்கு ஒரு முறைக்கு 6 வீதம் நான்கு முறை. கூட்டினால் 69தானே வருகிறது; 86 என்று எப்படி எழுதினார்கள்?

இது மிக நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் கேட்பது இது. ஒரே நாளில் 6 கிரே பெறுவதும், அதையே மூன்று நாளில் இரண்டு இரண்டாகப் பெறுவதும் உடலுக்கு ஒன்றல்ல. ஒரே தவணையில் அளவு கூடக் கூட, நல்ல திசுக்களுக்குப் பின்னாளில் ஏற்படும் சேதம் அதைவிட வேகமாகக் கூடுகிறது. எனவே எல்லாத் தவணைகளையும் "தினம் 2 கிரே வீதம் கொடுத்திருந்தால் எத்தனை கிரேக்குச் சமம்" என்று மாற்றிய பிறகே கூட்டுகிறார்கள். தாளில் இது "ஈக்யூடி2" என்று இருக்கும்.

நல்ல உறுப்புகளுக்கான சூத்திரத்தில் தவணை அளவோடு 3-ஐக் கூட்டி, 5-ஆல் வகுத்து, வரும் எண்ணால் தவணை அளவைப் பெருக்க வேண்டும். 6 கிரே தவணைக்கு இது 6 × 9 ÷ 5 = 10.8. நான்கு முறைக்கு 43.2. வெளிக்கதிர் நாளொன்றுக்கு 1.8 வீதம் 45 என்றால், அதே சூத்திரப்படி அதுவும் 43.2 ஆகிறது. இரண்டும் சேர்ந்து 86.4.

அதே பெண்ணுக்கு மலக்குடலின் அளவு ஒரு முறைக்கு 4 கிரே என்று கொள்வோம். 4 × 7 ÷ 5 = 5.6, நான்கு முறைக்கு 22.4, மொத்தம் 65.6. சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் தவணைக்கு 2 கிரேதான் வேறுபாடு, ஆனால் மொத்தத்தில் அது 20 கிரேக்கு மேல் விரிந்துவிட்டது. அரை கிரேக்காக, கதிர்த் திட்டம் போடும் மருத்துவ இயற்பியலாளர் கணினி முன்னால் ஏன் அவ்வளவு நேரம் போராடுகிறார் என்பது இதிலிருந்து விளங்கும்.

கட்டிக்கு 3-க்குப் பதில் 10-ஐக் கூட்டி 12-ஆல் வகுக்க வேண்டும். கட்டி தவணைக்கு 7.5 கிரே பெற்றால் மொத்தம் ஏறத்தாழ 88 வரும். இந்த எண்ணைப் பார்க்காமல் சிறுநீர்ப்பையின் 86-ஐ மட்டும் பார்ப்பது, விலையை மட்டும் பார்த்துவிட்டுப் பொருளைப் பார்க்காமல் வருவதற்குச் சமம்.

எவ்வளவு வரை போகலாம்?

"எம்பிரேஸ் 2" என்ற பன்னாட்டு ஆய்வின் திட்ட அளவுகளே இன்று பல மையங்களில் பின்பற்றப்படுகின்றன. அவற்றில் ஒவ்வோர் உறுப்புக்கும் எட்ட முயல வேண்டிய இலக்கு ஒன்று, தாண்டக் கூடாத வரம்பு ஒன்று என இரண்டு எண்கள் உண்டு. சிறுநீர்ப்பைக்கு இலக்கு 80, வரம்பு 90 கிரே. மலக்குடலுக்கு 65, 75. சிக்மாய்டுக்கும் சிறுகுடலுக்கும் 70, 75. கட்டி இருக்கும் பகுதிக்கோ கணக்குத் தலைகீழ்: 85-க்குக் கீழே போகக் கூடாது, 90-ஐத் தாண்டினால் நல்லது.

மேலே சொன்ன பெண்ணின் சிறுநீர்ப்பை, இலக்கைத் தாண்டியும் வரம்புக்குள்ளும் இருக்கிறது. மலக்குடல் இலக்கை இம்மியளவு தாண்டியிருக்கிறது. பெரிய கட்டியோடு வந்தவர் என்றால் அது நல்ல திட்டம். மிகச் சிறிய கட்டி என்றால் இன்னும் குறைத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். சிறுநீர்ப்பையின் வரம்பு மலக்குடலைவிட உயரமாக இருப்பதால் சிறுநீர்ப்பை எதையும் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அதன் தொந்தரவுகள் சற்றுத் தாமதமாக, சில ஆண்டுகள் கழித்தும் வரக்கூடும்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

1938-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் "புள்ளி ஏ" என்ற ஒன்றை வகுத்தார்கள். யோனியின் மேல் மடிப்பிலிருந்து 2 சென்டிமீட்டர் மேலே, கருப்பையின் நடுக்கோட்டிலிருந்து 2 சென்டிமீட்டர் பக்கவாட்டில் உள்ள புள்ளி அது. கட்டி பெரிதோ சிறிதோ, எல்லோருக்கும் அதே புள்ளி. உறுப்புகளுக்கும் இதே வழிதான்: கதிர் அளவுகளுக்கான பன்னாட்டு ஆணையமான ஐ.சி.ஆர்.யூ. 1985-இல் வெளியிட்ட 38-ஆம் அறிக்கை, சிறுநீர்க் குழாயின் நுனியில் உள்ள பலூனை வைத்துச் சிறுநீர்ப்பைக்கு ஒரு புள்ளியையும், யோனியின் பின்சுவருக்கு 5 மில்லிமீட்டர் பின்னால் மலக்குடலுக்கு ஒரு புள்ளியையும் எக்ஸ்ரே படத்தில் குறிக்கச் சொன்னது. எக்ஸ்ரேயில் எலும்பும் உலோகமும் தெரியும். குடல் சுவர் தெரியாது. சிறுநீர்ப்பையில் மிகுதியாகக் கதிர் படும் இடம் பல பெண்களுக்கு அந்தப் புள்ளிக்கு மேலே இருந்தது என்பது சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் வந்த பிறகே தெளிவாயிற்று.

2005, 2006-ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியக் குழுவினர் எம்.ஆர்.ஐ. படத்தின் மீது கட்டியையும் உறுப்புகளையும் வரைந்து அளக்கும் முறையை வகுத்துப் பரிந்துரைத்தனர். வியன்னாவின் ரிச்சர்ட் பியோட்டர் இதில் முன்னின்றவர். அந்த முறையைப் பின்பற்றி 2008 முதல் 2015 வரை நடந்த "எம்பிரேஸ் 1" ஆய்வின் முடிவுகள் 2021-இல் வெளிவந்தன. 1341 பெண்களின் விவரங்களை ஆராய்ந்ததில், ஐந்தாண்டுகள் கழித்தும் 92 விழுக்காட்டினருக்கு இடுப்பில் முதலில் நோய் இருந்த இடம் கட்டுக்குள் இருந்தது. கடுமையான பக்கவிளைவுகள் ஐந்தாண்டுக்குள் சிறுநீர் மண்டலத்தில் 6.8 விழுக்காட்டினருக்கும், குடலில் 8.5 விழுக்காட்டினருக்கும், யோனியில் 5.7 விழுக்காட்டினருக்கும் வந்தன. உறுப்புகளுக்கு இடையே துளை விழுந்து வழி ஏற்படுவது 3.2 விழுக்காடு.

கதிரைக் குறைக்க உண்மையில் என்ன செய்கிறார்கள்?

முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டு, கருப்பைக்குள் மெல்லிய குழாய் ஒன்றையும், கருப்பை வாயை ஒட்டி வளையம் அல்லது இரு முட்டை வடிவக் கிண்ணங்களையும் வைக்கிறார்கள். இதற்கு அப்ளிகேட்டர் என்று பெயர். அதன் பிறகு நடப்பதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை என்பதால் இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன். நனைத்த நீளமான காஸ் துணியை மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாக யோனிக்குள் செலுத்தி, அப்ளிகேட்டருக்கு முன்புறமும் பின்புறமும் அடைக்கிறார். முன்புறம் அடைக்கும் துணி சிறுநீர்ப்பையை மேலே தள்ளுகிறது. பின்புறத் துணி மலக்குடலை அப்பால் தள்ளுகிறது. கணினியும் எம்.ஆர்.ஐ.யும் வேலையைத் தொடங்கும் முன்பே, இந்தத் துணி வாங்கித் தரும் சில மில்லிமீட்டர்தான் முதல் பாதுகாப்பு. துணி தளர்வாக அமைந்துவிட்டால் பிறகு எவ்வளவு நல்ல கணினித் திட்டம் போட்டாலும் அதை முழுமையாக ஈடுகட்ட முடியாது.

பிறகு படம் எடுத்து, உறுப்புகளை வரைந்து, திட்டமிடுகிறார்கள். அரிசி மணியைவிடச் சிறிய இரிடியம் மூலம் ஒரு கம்பியின் நுனியில் வந்து, குழாய்க்குள் சில மில்லிமீட்டருக்கு ஓரிடம் என்று நின்று நின்று நகரும். எந்த இடத்தில் எத்தனை நொடி நிற்க வேண்டும் என்பதே திட்டம். சிக்மாய்டு ஓரிடத்தில் நெருங்கியிருந்தால் அங்கே நிற்கும் நொடிகளைக் குறைத்து, கட்டி மிகுந்த பக்கத்தில் கூட்டுவார்கள். கட்டி பக்கவாட்டில் மிகவும் பரவியிருந்தால் அப்ளிகேட்டரோடு ஊசிகளையும் சேர்த்துச் செருகுவார்கள். ஊசி என்றதும் பயப்படுகிறார்கள், ஆனால் மலக்குடலுக்குக் கூட்டாமல் கட்டியின் ஓரத்தை எட்ட அதுவே வழி.

எங்கள் ஊர் மருத்துவமனையில் உள்கதிருக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பதில்லை, சி.டி. மட்டும்தான். போதுமா?

சிறுநீர்ப்பையும் மலக்குடலும் சி.டி.யிலேயே நன்றாகத் தெரியும். அவற்றின் அளவைக் கணக்கிட அது போதும். கட்டியின் எல்லைதான் சி.டி.யில் மங்கும். அதனால் முதல் முறைக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு, அடுத்த முறைகளுக்குச் சி.டி.யைப் பயன்படுத்தும் மையங்கள் உண்டு. எக்ஸ்ரே மட்டும் எடுத்துத் திட்டமிடும் இடமாக இருந்தால், சி.டி. வசதியுள்ள மையத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்பது தவறில்லை.

வெளிக்கதிரின்போது தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். உள்கதிரின்போது குழாய் போட்டுக் காலி செய்தார்கள். எது சரி?

இரண்டும் சரி. வெளிக்கதிரின்போது சிறுநீர்ப்பை ஓரளவு நிறைந்திருந்தால் சிறுகுடல் மேலே தள்ளப்படும். சிறுநீர்ப்பையின் பெரும்பகுதியும் கதிர்ப் பாதைக்கு வெளியே விரியும். ஆனால் அதன் நிறைவு மாறும்போது கருப்பையும் சேர்ந்து அசையும். ஆகவே எவ்வளவு குடித்தோம் என்பதைவிடத் திட்டப் படம் எடுத்த அன்று போல ஒவ்வொரு நாளும் குடித்தோமா என்பதே முக்கியம். சிறுநீரைக் காலி செய்துவிட்டு, சொன்ன அளவு குடித்து, சொன்ன நேரம் காத்திருந்து உள்ளே போங்கள். பேருந்து தாமதமாகி வந்ததால் குடிக்கவில்லை என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மேசையில் ஏறிப் படுப்பதுதான் தவறு.

"ஐ.எம்.ஆர்.டி." என்ற முறைக்குக் கூடுதல் பணம் கேட்கிறார்கள். பலன் உண்டா?

ஐ.எம்.ஆர்.டி. என்பது கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றி, அக்கம்பக்க உறுப்புகளுக்குக் குறையும்படி வெளிக்கதிர் கொடுக்கும் முறை. மும்பை டாடா நினைவு மையத்தின் "பார்சர்" ஆய்வு இதற்கு விடை தருகிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் கதிர் தேவைப்பட்ட 300 பெண்களில் ஒரு பாதியினருக்குப் பட வழிகாட்டுதலோடு கூடிய ஐ.எம்.ஆர்.டி.யும், மறு பாதியினருக்கு வழக்கமான முப்பரிமாண முறையும் கொடுத்தார்கள். மூன்றாண்டுகளில் மிதமானதும் அதற்கு மேற்பட்டதுமான குடல் தொந்தரவு முதல் பிரிவில் 21.1 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 42.4 விழுக்காடு. நோயைக் கட்டுப்படுத்துவதில் குறை வரவில்லை. கருப்பை எடுக்கப்பட்டவர்களிடம் செய்த ஆய்வு இது. கருப்பை உள்ளவர்களுக்கு அதே எண்களை அப்படியே பொருத்த முடியாது என்றாலும், குடலைக் காப்பாற்றுவதில் இந்த முறைக்கு உள்ள சிறப்பை மறுக்க இயலாது. காப்பீட்டில் அதற்கு இடமிருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

தினமும் இயந்திரத்திலேயே ஸ்கேன் எடுக்கிறார்களே, அதிலும் கதிர் ஏறுமே?

ஏறும், மிகச் சிறிதாக. ஒரு ஸ்கேனுக்கு ஒரு கிரேயில் நூற்றில் சில பங்குதான். 25 நாளுக்கும் சேர்த்து ஒரு கிரேக்கும் குறைவாகவே பொதுவாக வரும். ஒரு நாள் இடம் தவறினால் குடலுக்குப் போகக்கூடிய அளவோடு ஒப்பிட இது பொருட்படுத்தத் தக்கதல்ல.

போன வாரம் உள்கதிர் 10 நிமிடம் ஓடியது, இந்த வாரம் 10 நிமிடம் 40 நொடி. அதிகமாகக் கொடுத்துவிட்டார்களா?

இல்லை. இரிடியத்தின் வீரியம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு தானாகவே குறைகிறது. 74 நாளில் பாதியாகிவிடும். அதே அளவைக் கொடுக்க ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நேரம் ஆகும். புதிய மூலம் பொருத்திய மறுநாள் போனால் நேரம் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். சில மையங்களில் உள்ள கோபால்ட் மூலத்தின் அரை ஆயுள் 5.27 ஆண்டு என்பதால் அங்கே இந்த வேறுபாடு தெரியாது.

நான்கு முறையும் அதே இடத்தில்தான் கதிர் படுகிறதா?

அப்படித்தான் பட்டது என்று வைத்துக்கொண்டு கூட்டுகிறார்கள். மலக்குடலும் சிறுநீர்ப்பையும் பெரிதாக இடம் மாறாததால் அங்கே இது உண்மைக்கு அருகில் இருக்கும். சிக்மாய்டும் சிறுகுடலும் ஒவ்வொரு முறையும் புரண்டு படுக்கும்; இன்று நெருங்கியிருந்த மடிப்பு அடுத்த வாரம் அங்கே இருக்காது. எனவே அவற்றுக்கு எழுதப்படும் எண் உண்மையைவிடச் சற்று மிகையாகவே இருக்கக்கூடும். பாதுகாப்புப் பக்கம் சாய்ந்த கணக்கு என்று எடுத்துக்கொள்ளலாம்.

சிறுநீர்ப்பை, குடல் தவிர வேறு எவை பாதிக்கப்படும்?

தாளில் பெரும்பாலும் இடம்பெறாதவை இவைதான், வாய்விட்டுக் கேட்கத் தயங்குபவையும் இவைதான். யோனி சுருங்கலாம், வறண்டு போகலாம். மலக்குடலுக்கும் யோனிக்கும் இடைப்பட்ட ஒரு புள்ளியில் 65 கிரேக்குக் கீழே வைக்க முயல்வது இதற்காகத்தான். சிகிச்சை முடிந்து சில வாரம் கழித்து விரிவாக்கும் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தாம்பத்தியம் இல்லாதவர்களுக்கும் இது தேவை; யோனி ஒட்டிப்போனால் மருத்துவர் பின்னாளில் சோதித்துப் பார்ப்பதே கடினமாகிவிடும்.

சூலகங்கள் இந்த அளவுக் கதிரைத் தாங்குவதில்லை. மாதவிலக்கு நின்றுவிடும், குழந்தை பெறவும் இயலாது. இளம்பெண் என்றால் சிகிச்சை தொடங்கும் முன்பே சூலகத்தை இடம் மாற்றி வைப்பது பற்றிப் பேச வேண்டும். தொடங்கிய பிறகு பேசிப் பயனில்லை. இடுப்பு எலும்பின் மஜ்ஜையில் கதிர் படுவதாலும், வாரந்தோறும் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றுவதாலும் இரத்த அணுக்கள் குறையும். வயதானவர்களுக்கு முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பில் மெல்லிய விரிசல் விழலாம். அதன் வலியை நோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று தவறாக எண்ணிக் குடும்பமே இடிந்துபோவதுண்டு, எம்.ஆர்.ஐ. பார்த்தால் பெரும்பாலும் வேறுபாடு தெரிந்துவிடும்.

இவ்வளவு கதிர் போகிறது என்றால், உள்கதிரை மட்டும் விட்டுவிடலாமா?

விடக் கூடாது. வலிக்கும் கூச்சத்துக்கும் பயந்து, வெளிக்கதிரில் இரத்தப்போக்கு நின்றதும் "குணமாகிவிட்டது" என்று உள்கதிருக்கு வராமல் போகிறவர்கள் உண்டு. வெளிக்கதிரின் 45 கிரே கட்டியைச் சுருக்கும், பெரும்பாலும் அழிக்காது. கட்டிக்கு 85-க்கு மேல் போக வேண்டும். வெளியிலிருந்து அந்த அளவைக் கொடுக்க முயன்றால் குடலும் சிறுநீர்ப்பையும்தான் அதிகம் அடிபடும். உள்கதிரைப் பெறாதவர்களின் பிழைப்பு வாய்ப்புக் குறைவு என்பது திரும்பத் திரும்ப உறுதியான செய்தி. தள்ளிப்போடுவதும் கெடுதலே, மொத்தச் சிகிச்சையும் ஏறக்குறைய எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும்.

உள்கதிர் முடிந்து வந்தவரின் அருகில் குழந்தை படுக்கலாமா?

படுக்கலாம். மூலம் இயந்திரத்துக்குள் திரும்பிவிட்ட பிறகு உடலில் கதிர் எதுவும் மிச்சமில்லை.

பின்விளைவுகள் எப்போது தெரியும்? எந்தக் காகிதங்களைப் பத்திரப்படுத்த வேண்டும்?

சிகிச்சையின்போது வரும் வயிற்றுப்போக்கும் சிறுநீர் எரிச்சலும் சில வாரத்தில் தணியும். மலத்தில் இரத்தம் வருவது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குப் பிறகு, முதல் இரண்டு மூன்று ஆண்டுக்குள் தோன்றும். அப்போது உள்ளூரில் மூல நோய் என்று நினைத்து அறுவைக்கோ, குடல் நோக்கிச் சோதனையில் சதை எடுப்பதற்கோ அனுப்பிவிடலாம். மலக்குடலின் முன்சுவரில், கதிர் பட்டு மெலிந்த இடத்தில் தேவையின்றிச் சதை எடுத்தால் அந்தப் புண் ஆறாமல் யோனிக்குத் துளை விழ வாய்ப்புண்டு. எனவே எந்த மருத்துவரிடம் போனாலும், இடுப்பில் கதிர் பெற்றவர் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சோதனைக்கு முன் கதிர் சிகிச்சை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

அதற்குத் துணையாக மூன்று தாள்கள் வேண்டும்: வெளிக்கதிரின் மொத்த அளவும் நாட்களும் உள்ள தாள், உள்கதிரின் ஒவ்வொரு தவணைக்கும் உறுப்பு வாரியான அளவுத் தாள், எல்லாவற்றையும் சேர்த்த சுருக்கத் தாள். இரண்டாவதைப் பல இடங்களில் கேட்டால்தான் தருவார்கள். மூன்றையும் கைப்பேசியில் படமெடுத்து, மகளிடமோ மகனிடமோ ஒரு பிரதி இருக்கும்படி அனுப்பி வையுங்கள்.